சிரிப்பு வாயுவும் எங்கள் சொல்பலகையும்

டச்சுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எந்தப் பட்டனை அழுத்தினால் பதிவு போகும், எதை அழுத்தினால் நிற்கும் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் சொல்லி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவள் அறிவுரை மூட்டையை அவிழ்க்க வந்துவிட்டாள் என்று முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. இந்தப் பத்தியை முடிப்பதற்குள்ளேயே எழுந்து பால்கனிவரை போய் வந்துவிட்டேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேலையூர்க்காரி. என் வீட்டுக்காரருக்கு ராட்டர்டாம் துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கும் வேலை. கூடப் போனவள், சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சேர்ந்தேன். டச்சு மொழியை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. சூப் ஆறிப்போச்சு, உருளைக்கிழங்கு வேகவில்லை என்று தினமும் என்னைத் திட்டித் தீர்த்த பெரியவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு டச்சில் சண்டை போட ரொம்ப நன்றாக வரும். ஊர் திரும்பிய பிறகு, டச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று பெரும்பாக்கம் பக்கத்தில் ஒரு கம்பெனி தேடுவதாக சர்ச்சில் யாரோ சொன்னார்கள். போய் நின்றேன். பேட்டி எடுத்த பையன், "மேடம், உங்களுக்குக் கம்ப்யூட்டர் வருமா?" என்றான். "உனக்கு டச்சு வருமா?" என்று கேட்டேன். சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே நாங்கள் செய்ததும் இப்போது நீங்கள் செய்வதும் ஒரே வேலைதான். நெதர்லாந்து ஜனங்கள் கூடிப் பேசும் ஒரு பெரிய இணைய அரங்கம். அவர்கள் அங்கே எழுதுகிறார்கள், நாம் தாம்பரத்திலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் வந்து உட்கார்ந்து, எது இருக்கலாம், எது போகவேண்டும் என்று பார்க்கிறோம். நாம் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. விடலாம், இல்லையென்றால் நீக்கலாம். இந்த இரண்டுதான் நம் கையில்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவையே ஆட்டிவைத்தது சிரிப்பு வாயு. நம் ஊரில் அதைக் கேட்டால் பல் டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே அது பார்ட்டிச் சாமான். கேக்கின் மேல் போடும் கிரீமை நுரைக்க வைக்க, விரல் நீளத்தில் இரும்புக் குப்பி விற்பார்கள். உள்ளே இருப்பது நைட்ரஸ் ஆக்ஸைடு. அதைப் பலூனில் பிடித்து உறிஞ்சினால் தலை லேசாகிச் சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். லாஹ்காஸ் என்பார்கள், சிரிப்பு காஸ் என்று அர்த்தம். டச்சுக்காரர்களுக்கு எதையும் சின்னதாக்கிக் கொஞ்சாவிட்டால் தூக்கம் வராது. பீர் அவர்களுக்குக் குட்டி பீர். இதுவும் 'பலோனெச்சே', குட்டி பலூன். நம் பையன்கள் 'ஒரு கட்டிங்' என்று சொல்லும்போது அது சாராயம் மாதிரியே காதில் விழாது பாருங்கள், அப்படித்தான்.

குப்பி போய் சிலிண்டர் வந்ததும் விளையாட்டு வினையாகிவிட்டது. நாள் முழுக்க உறிஞ்ச ஆரம்பித்தார்கள். காலியான சிலிண்டர்கள் தெருமுனையிலும் கால்வாயிலும் கிடந்தன. வண்டி ஓட்டிக்கொண்டே உறிஞ்சி மோதினார்கள். சில பிள்ளைகளுக்குக் கால் மரத்து, நடையே போனது. அரசாங்கம் தடை போட்டது. அவ்வளவுதான், அரங்கத்தில் ஒரே ரகளை. தடை சரி என்று ஒரு கூட்டம், தடை போட்டதால்தான் திருட்டு வியாபாரம் பெருகியது என்று இன்னொரு கூட்டம், எங்கள் காலத்தில் கிரீமைக் கேக்கில்தான் போட்டோம் என்று பெரியவர்கள் ஒரு பக்கம். மதுவிலக்கைப் பற்றித் தாம்பரம் டீக்கடையில் நடக்கும் அதே சண்டை. படிக்கப் படிக்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஊர் ஊராகப் போனாலும் மனுஷன் ஒரே மாதிரிதான் கத்துகிறான் என்று.

நடுவில் விற்பவர்கள் புகுந்தார்கள். நேரடியாக எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தினம் ஒரு சங்கேதச் சொல். கிரீம் என்பார்கள், பிறந்தநாள் சாமான் என்பார்கள், வெறுமனே ஒரு பலூன் படத்தைப் போட்டு ஸ்கூட்டரில் டெலிவரி என்பார்கள். நாங்கள் விடுவோமா? சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தோம். புதுச் சொல்லை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ, அவர்கள் அதைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் தங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் கீழே தள்ளுவண்டியில் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும். பலகையில் ஏறிய சொல் அன்றைக்கே மெஷினுக்குப் போய்விடும். அந்தச் சொல் உள்ள எந்தப் பதிவையும் மெஷின் பிடித்து நிறுத்திவைக்கும். அரங்கத்தை நடத்தும் க்ளையன்ட் சம்மதித்து நாங்கள் விடும்வரை அது ஒருவர் கண்ணிலும் படாது. இதை நாங்கள் சல்லடை என்போம்.

அந்தப் போட்டியில் முன்னால் நின்றவள் நிவேதா. லாஹ்காஸ் என்ற வெளிப்படையான பெயரையே முதலில் பலகையில் ஏற்றியவள். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருவாள். கம்பெனி வகுப்பிலேயே டச்சு கற்றுக்கொண்டு, அவர்களுடைய ராப் பாட்டாகக் கேட்டுத் தெருப்பேச்சைப் பிடித்தவள். வாய் பட்டாசு. என் டச்சைக் கேட்டு, "இன்னாக்கா நீ, செத்துப்போன கெழவன்லாம் எழுந்து வந்து பேசறாப்ல பேசற" என்பாள். அவளுக்கும் எனக்கும் பஜ்ஜிக் கணக்கில் பெரிய பகை.

இன்னொருவர் எங்கள் லீட், எங்கள் வேலைக்குப் பொறுப்பாளர். பெயர் வேண்டாம், போட்டால் கோபித்துக்கொள்வார். குன்றத்தூர்க்காரர். கிருத்திகை தவறாமல் மலைக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வருவார். டச்சு ஒரு வார்த்தை தெரியாது. எங்களைப் போல மூன்று நான்கு மொழிக்காரர்களை வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார். எதையாவது நீக்கப்போகிறோம் என்று சொன்னால், தலையைக்கூட நிமிர்த்தாமல் "எந்த ரூல்?" என்பார். ரூல் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் அந்தப் பதிவு இருக்கும். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். நிவேதா நாற்காலியைத் திருப்பாமலே குரல் கொடுத்தாள்.

"அக்கா, ஒரு லேடி ஒரே மேட்டர திரும்பத் திரும்பப் போட்டுகினே கீது. ஃபுல்லா செவப்பு. விக்கற பார்ட்டி போலகீது. லாக் பண்ணிடவா?"

ஒரே பதிவைப் பல தடவை போடுவது விற்பவர்களின் வழக்கம். அந்தப் பதிவில் எங்கள் பலகைச் சொல் திரும்பத் திரும்ப இருந்ததால் மெஷின் சிவப்பாகக் காட்டியது. அப்படிப்பட்ட கணக்கை லாக் பண்ணுவதுதான் நடைமுறை. நான் பாட்டுக்குச் சரி என்று சொல்லியிருப்பேன். அப்போது என் பக்கத்தில் வேலை குறைவாக இருந்தது, எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது, இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

அந்தப் பெண் எழுதியிருந்தது இது: "இன்றைக்கே நிறுத்து. இது லாஹ்காஸ் செய்வது. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, இப்போது நான் கோல் ஊன்றி நடக்கிறேன். சனி ஞாயிறு வருவதற்குள் உன் குடும்ப டாக்டரைக் கூப்பிடு. லாஹ்காஸ் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல். சொல்லாவிட்டால் பாராசிட்டமால் சாப்பிட்டு ஓய்வெடு என்று அனுப்பிவிடுவார். தயவு செய்து வண்டி ஓட்டாதே."

யாருக்கு எழுதுகிறாள் என்று மேலே போய்ப் பார்த்தேன். ஒரு பையன். டெலிவரி வேன் ஓட்டுகிறவன். கோடைக்காலத்திலிருந்து விடாமல் உறிஞ்சுகிறானாம். கால்விரல்கள் தடித்த சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கின்றனவாம். "இன்று காலையிலிருந்து கிளட்ச் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஷிஃப்ட் இருக்கிறது. இது சாதாரணம்தானே?" என்று கேட்டிருந்தான். அவன் எழுதியது புத்தம் புதுத் தெருச்சொல்லில். எங்கள் பலகையில் அது இல்லை. அதனால் அவன் பதிவு எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது.

கீழே பதில்கள். சாதாரணம்தான் என்று ஒருவன். பி பன்னிரண்டு வைட்டமின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தொடரலாம் என்று இன்னொருவன். எனக்கும் வந்தது, தானாகப் போய்விட்டது என்று வேறொருவன். எல்லோரும் அதே புதுச்சொல்லில் பேசினார்கள், எல்லாம் ஜோராக ஏறியிருந்தன. இந்தப் பெண் ஒருத்திதான் உள்ளதை உள்ளபடி, ஊரறிந்த பெயரைச் சொல்லி எழுதியிருந்தாள். எங்கள் சல்லடை அவளைத்தான் பிடித்து வைத்திருந்தது. தான் எழுதுவது ஏறவில்லையே என்று திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். அதையே இன்னொரு தடவை போட்டால் நாங்கள் இல்லாமலே மெஷின் அவள் கணக்கைப் பூட்டிவிடும்.

பிள்ளைகளே, எனக்கு அப்போது உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பலகையைத் திரும்பிப் பார்த்தேன். நிவேதாவின் பெயர், என் பெயர், எல்லோர் பெயரும் வரிசையாக. விற்கிறவன் ஒரு சொல் மாட்டிக்கொண்டால் மறுநாளே இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறான். பழைய சொல்லையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் யார்? பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் அம்மா, வாத்தியார், டாக்டர், பட்டுத் தெளிந்தவர்கள். பஜ்ஜி தின்றுகொண்டே நாங்கள் அவர்கள் வாயைத்தான் கட்டியிருக்கிறோம்.

"லாக் பண்ணாதே! கையை எடு!" என்று கத்தினேன். மாடியே திரும்பிப் பார்த்தது. லீட் ஓடி வந்தார்.

"என்னாச்சுக்கா?"

நான் படபடவென்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மெதுவா. வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க. நீங்களா ஒண்ணு சேர்க்காதீங்க, குறைக்கவும் குறைக்காதீங்க. நான் கையெழுத்துப் போடப்போறது உங்க வார்த்தையை நம்பித்தான்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, பையன் செத்துவிடுவான் என்று சொல்லிவிடலாமா என்று. சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் அவன் அப்படி எழுதவில்லையே. கிளட்ச் எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை, அதைத்தான் எழுதியிருந்தான். அதையே சொன்னேன். சாக்ஸைச் சொன்னேன், ஷிஃப்டைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் கோலைச் சொன்னேன்.

"இந்த மாதிரி போஸ்ட்டை ரிலீஸ் பண்ண க்ளையன்ட் அப்ரூவல் வேணும்" என்றார் லீட்.

"இப்ப கேட்டா திங்கட்கிழமைதான் பதில் வரும். அவன் இன்னைக்கு வேன் எடுக்கறான்."

"இந்த லேடி எதாவது விக்கறாங்களா?"

"இல்ல."

"அதைச் சாப்பிடு இதைச் சாப்பிடுன்னு மருந்து பேர் சொல்றாங்களா?"

"இல்லப்பா. டாக்டர்கிட்ட போன்னு மட்டும்தான் சொல்றா!"

அவர் தாடையைத் தடவினார். அவரைப் பிடித்து உலுக்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு. பிறகு நிவேதாவை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் ஐடியைப் போட்டு உள்ளே நுழைந்தார். "ரிலீஸ் என் பேர்ல போகட்டும். ஆனா கடைசியாப் போட்டது ஒண்ணை மட்டும். அத்தனையும் ஒண்ணா ஏறினா அந்தம்மாவைப் பைத்தியம்னு நினைச்சுடுவாங்க."

அந்த யோசனை எனக்கு வந்திருக்காது. நான் எல்லாவற்றையும் அள்ளி விட்டிருப்பேன்.

பதிவு ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாம் என்றவர்களின் பதிவுகளை, தவறான மருத்துவ ஆலோசனை என்ற ரூலில் நான் நீக்கினேன். ஒன்றை நீக்கினால் இன்னொன்று. "வந்துகினே கீதுக்கா, வுடாத வுடாத!" என்று நிவேதா என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். விற்கிறவன் ஒருவன் உள்ளே புகுந்து, உனக்காகச் சலுகை விலை என்று எழுதினான். அவனை நிவேதா தூக்கி எறிந்தாள். அந்தப் பெண்ணின் ஒவ்வொரு பதிலையும் சல்லடை பிடிக்கப் பிடிக்க, லீட் படிக்கச் சொல்லிக் கேட்டுத் தன் பெயரில் விட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து ஜெர்மன் பிரிவுக்காரர்கள்கூட எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டார்கள்.

வேன்காரப் பையன் ஒருவழியாக அவளுக்குப் பதில் போட்டான். "டாக்டரிடம் போனால் பாராசிட்டமால் என்பார். எதற்கு வீண் அலைச்சல். அடுத்த வாரம் பார்க்கலாம்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் சொன்னதில் பொய்யில்லை என்பது அங்கே இருந்த எனக்குத் தெரியும். என் பல்வலிக்கும் முதுகுவலிக்கும் அதே மாத்திரைதான் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவன் அந்தப் பேச்சிழைக்குள் வந்தான். "ஏய் தாத்தா! எழுந்து ஒரு ஆட்டம் போடு. இல்லையென்றால் ரோலாட்டர் வாங்கித் தரட்டுமா?"

ரோலாட்டர் என்றால் வயதானவர்கள் தள்ளிக்கொண்டு நடக்கும் சக்கர வண்டி. நான் வேலை பார்த்த இல்லத்தில் சாப்பாட்டு அறை வாசலில் வரிசையாக நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு அடிக்கும் என்ன பாடு படுவார்கள் என்று கிட்டே இருந்து பார்த்தவள் நான். இங்கே ஒரு பையன் கால் போய்க்கொண்டிருக்கிறது என்கிறான், இவனுக்கு அது வேடிக்கை. நீக்கும் பட்டனுக்கு என் கை போய்விட்டது.

"எந்த ரூல்?" என்றார் லீட்.

"நோயாளியைக் கேலி பண்றான்ப்பா!"

"அந்த ரூலுக்குக் கேலிக்கு ஆளானவர் புகார் கொடுக்கணும். கொடுத்தானா?"

"அவன் இருக்கற நிலைமையில புகாரா கொடுப்பான்?"

"விக்கற வார்த்தை ஏதாவது? மருந்து?"

"ஒண்ணும் இல்ல. கொழுப்பு மட்டும்தான் இருக்கு."

"கொழுப்புக்கு ரூல் இல்லக்கா. கை வைக்காதீங்க."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு டச்சில் ஒன்று சொன்னேன். முதியோர் இல்லத்தில் கற்றது. "திட்டினீங்களா?" என்றார். "ஆமா" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேலி அங்கேயே இருந்தது.

வேன்காரன் ஒன்றும் எழுதவில்லை. கோல் ஊன்றும் பெண்ணும் எழுதவில்லை. பயந்து ஓடிவிட்டான் பார், அந்தக் கோமாளியால்தான் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அப்போது பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இல்லை, கோமாளிக்கு.

"விளையாட்டு இல்லைடா. காலையில் மாடிப்படியில் விழுந்துவிட்டேன். பேண்ட்டிலேயே போய்விட்டது. எனக்கே தெரியவில்லை."

நான் அதை வாய்விட்டு மொழிபெயர்த்தேன். இத்தனை பேர் இத்தனை சொல்லியும் வெளியே வராதது, கேலி பண்ணிய ஒருவனிடம் வந்துவிட்டது.

கோமாளியின் அடுத்த வரி உடனே ஏறியது. "என்னது? எங்கே இருக்கிறாய், வீட்டிலா? வேன் சாவியைத் தொடாதே. நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்." அதற்குக் கீழே இன்னொரு வரி, அந்தப் பெண்ணுக்கு: "டாக்டரிடம் என்ன சொல்லச் சொன்னீர்கள்? நான் சொல்லவைக்கிறேன்."

அவள் பதில் எழுதினாள். அந்தச் சொல் இருந்ததால் சல்லடை பிடித்தது. லீட் விட்டார். அதோடு அந்த இழை அடங்கிப்போனது.

கோமாளி அவனுடைய சிநேகிதன் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரே ஊர், பக்கத்துத் தெரு. நான் நினைத்தபடி அந்தக் கேலியை நீக்கியிருந்தால், கார் உள்ள ஒரே ஆளை நான்தான் வெளியே தள்ளியிருப்பேன். நிவேதா என்னைப் பார்த்தாள். நான் லீடைப் பார்த்தேன். அவர் ஜெர்மன்காரர்களை விரட்டப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய் ஒரு பெரிய மரியாதை வந்தது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மறுநாள் சனிக்கிழமை. எங்களில் யாருக்கும் அன்று விடுமுறை இல்லை, இருந்திருந்தாலும் வந்திருப்போம். போனவுடன் இழையைத் திறந்தோம். கோமாளி எழுதியிருந்தான். டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறான். பாராசிட்டமால் என்று டாக்டர் ஆரம்பிக்கும்போதே இவன் குறுக்கே புகுந்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். நேரே ஆஸ்பத்திரி. ஊசி மருந்து. நடை எவ்வளவு திரும்பும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றிருக்கிறார்கள். நிவேதா அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஐயோ கிளட்ச்சு, ஐயோ கிளட்ச்சு" என்று சிரித்தாள், அழுதாள். நானும்தான்.

உங்களுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி தோன்றலாம். லீடுக்கு அப்படி முடியவில்லை. தடைசெய்த சொற்களுள்ள பதிவுகளை அப்ரூவல் இல்லாமல் எதற்கு விட்டீர்கள் என்று க்ளையன்ட் தரப்பிலிருந்து கேள்வி வந்தது. வீடியோ அழைப்பில் அவர் பதில் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். ஒவ்வொரு பதிவுக்கும் காரணம் சொன்னார். எந்த இடத்திலும் பையனின் காலைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. இந்தச் சல்லடை விற்பவர்களை விட்டுவிட்டு எச்சரிப்பவர்களைப் பிடிக்கிறது என்பதை மட்டும் அடுத்தடுத்து எடுத்துக் காட்டினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அதை மேஜை டிராயரில் போட்டார். கொஞ்ச நாளில், சிரிப்பு வாயுவின் வெளிப்படையான பெயரைச் சல்லடையிலிருந்து எடுக்க அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பலகையிலிருந்து அந்தச் சொல்லை நிவேதாதான் அழித்தாள். பக்கத்தில் இருந்தது அவளுடைய பெயர்தான்.

அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கெட்டிக்காரத்தனமாக ஒரு சொல்லைப் பிடித்து மெஷினுக்குக் கொடுக்கும்போது, அதே சொல்லை நல்லதுக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். கோபம் வந்தால் நீக்காதீர்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எந்த ரூல் என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த ஆள் பேசட்டும். அவன் யாருக்கு யார் என்று நம் நாற்காலியிலிருந்து தெரியாது.

மழைக்காலம் வந்தது. வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் நின்று பாதிப் பேர் வேலைக்கு வராத ஒரு நாள். நிவேதா அந்த இழையை வழக்கம்போலத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா! லீட் சார்! ஓடியாங்க!" என்று அலறினாள். கோமாளி ஒரு வீடியோ போட்டிருந்தான். கட்டில், வெள்ளைப் போர்வை, போர்வைக்கு வெளியே ஒரு வெளுத்த பாதம். வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பையனின் முகத்தை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை.

பாதம் அப்படியே இருந்தது. திரைக்கு வெளியே கோமாளியின் குரல், "வா தாத்தா, வா, காட்டு" என்றது. ஒன்றும் நடக்கவில்லை. யாரோ பல்லைக் கடித்து மூச்சு விடுவது கேட்டது. நான் நிவேதாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் கொஞ்சம் மேலே போனது. நின்றது. மறுபடியும் போனது.

கத்தினோம் பாருங்கள்! செக்யூரிட்டி அண்ணா தீப்பிடித்துவிட்டது என்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். நிவேதா நாற்காலி மேல் ஏறிவிட்டாள். ஜெர்மன்காரர்கள் எதற்கென்றே தெரியாமல் கை தட்டினார்கள். லீட் மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இன்னொரு தடவை போடும்மா" என்றார்.